தூணைக் கட்டினவர்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு கேள்வியை முழுசாகக் கேட்கப் பொறுமை கிடையாது. பதிலைக் காதில் வாங்க அதைவிடப் பொறுமை கிடையாது. நேரில் வந்து கேட்டால் செருப்பு தேய்ந்துவிடும் என்று பயம். எதிர்ப்பக்கத்து ஆள் என்ன காரியத்தில் இருக்கிறான், பேசுகிற நிலையில் இருக்கிறானா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், போனைப் போட்ட கையோடு விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். நாம் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் ‘சரிங்க, சரிங்க’ என்று வைத்துவிடுகிறார்கள். எது சரி என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

வின்ச்காரருக்கு அன்று காலையில் வந்த போனும் அந்த ரகம்தான்.

அவருக்குப் படகு பழுதுபார்க்கும் யார்டில் வேலை. கடலுக்குள் இறங்குகிற சிமெண்ட் சரிவு, அதன்மேல் தண்டவாளம், மேலே கொட்டகையில் வின்ச். எஃகு ரோப்பைப் படகில் மாட்டி, இன்ஜினை ஓட்டி, அங்குலம் அங்குலமாகக் கரையேற்ற வேண்டும். பார்க்கிறவனுக்குத் தூங்குகிற வேலை மாதிரித் தெரியும். ரோப்பு அறுந்தாலோ, ரோப்பைக் கட்டின இடம் பிடுங்கிக்கொண்டாலோ, படகு வந்த வழியே திரும்பி ஓடும். கீழே நிற்கிறவன் ஓடக் கால் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அன்றைக்குப் படகு பாதிச் சரிவில் இருந்தபோது சட்டைப்பையில் போன் கத்தியது. விட்டார். மறுபடி கத்தியது. மறுபடி விட்டார். மூன்றாவது தடவை, யாருக்கோ என்னவோ என்று ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தார். இன்னொரு கை வின்ச்சின் பிரேக்கில்.

“ஐயா, நிலநடுக்க ஆய்வு நிலையத்துலேருந்து. அந்தத் தூண் … கட்டினது நீங்களா?”

நடுவில் ஏதோ வின்ச்சின் இரைச்சலில் போய்விட்டது.

“ஆமாய்யா, நான்தான் கட்டினேன். இந்த யார்டுல வேற எவன் கட்டுவான்?”

“சரிங்க, சரிங்க.”

வைத்துவிட்டான். வின்ச்காரரும் மறந்துவிட்டார்.

தூண் என்றால், யார்டின் மூலையில் இடுப்புயரத்துக்கு நிற்கிற கான்கிரீட் தூண். தலையில் கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளைக் கருவி. அது நாள் முழுக்க வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களோடு பேசி, தான் நிற்கிற இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். ஆய்வு நிலையத்துக்காரர்கள் இடம் கேட்டு வந்தபோது, வெளி ஆளை வைத்தால் யார்டைக் கொத்திக் குதறிவிடுவான் என்று, பாறையில் துளை போட்டுக் கம்பி இறக்கிக் கான்கிரீட் கொட்டியது அவரேதான். அவர்களுடைய கருவிக்காரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரோப்பு உருளைகளை அடுக்கி வைத்திருந்த நல்ல மூலை போய்விட்டதே என்று அந்தத் தூண்மேல் அவருக்குக் கோபம் உண்டு. தானே கட்டினது, தனக்கே பிடிக்காது.

இதைவிடப் பெரிய கோபம் வீட்டிலேயே இருந்தது. அந்தத் தூண் அனுப்புகிறதை உட்கார்ந்து பார்க்கிறவள் அவருடைய மருமகள். மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. வருஷத்தில் பாதி தண்ணீரில். வீட்டில் மாமனாரும் மருமகளும் ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி வாழ்ந்தார்கள். சண்டை இல்லை. சண்டை போடவும் ஒரு பேச்சு வேண்டுமே.

ஒரு வாரமாக அந்தப் பேச்சு வந்துவிட்டது. கடலுக்கு அடியில் ஏதோ நகர்கிறது என்று மருமகளின் கம்ப்யூட்டர் சொல்கிறதாம். படகுத்துறையையும் கீழ்த்தெருக்களையும் காலி பண்ணச் சொல்லப்போகிறார்களாம். கீழ்த்தெரு என்றால் வின்ச்காரரின் வீடும் சேர்த்துத்தான். மீன் வரத்து உச்சத்தில் இருக்கிற நேரம். தெருவில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் “உங்க மருமக எப்ப கடலைக் கூட்டிட்டு வரப்போவுது?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் பதில் சொல்வதில்லை. பதில் இருந்தால்தானே.

மத்தியானம் மைத்துனன் வந்தான். இறந்துபோன மனைவியின் தம்பி, படகுக்காரர் சங்கத்துக்குத் தலைவன். கையில் இரண்டு டீ. மைத்துனன் தானாக டீ வாங்கி வருகிறான் என்றால் எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

“அத்தான், கையைக் குடுங்க.”

“கிரீஸா இருக்கு.”

“பரவால்ல, குடுங்க. சங்கத்தையே காப்பாத்திட்டீங்க.”

“நான் என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் தெரியாத புள்ள மாதிரி கேட்கிறதைப் பாரு.” மைத்துனன் எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். “தூண்ல படகைக் கட்டி இழுத்திருக்கீங்கல்ல, அதைத்தான். தூணு கடல்பக்கமா நகர்ந்துச்சாமே. பூமிதான் நகருதுன்னு உங்க மருமக ஒரு வாரமா எல்லார் வயித்துலயும் புளியைக் கரைச்சுது. இப்ப என்னடான்னா, பூமியும் இல்ல சாமியும் இல்ல, எல்லாம் உங்க ரோப்பு பண்ணின வேலை. ஆய்வு நிலைய இயக்குநரே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. அந்த ஒரு தூணோட அளவை எடுத்துட்டா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லயாம். சாயந்தரம் துறைமுக ஆபீஸ்ல மீட்டிங். அதோட சரி. காலி பண்றதும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல.”

வின்ச்காரர் டீயைக் கீழே வைத்தார்.

“நான் தூண்ல படகைக் கட்டினேன்னு எவன் சொன்னான்?”

“நீங்கதான் சொன்னீங்க. காலையில, போன்ல. நான்தான் கட்டினேன், வேற எவன் கட்டுவான்னு பெருமையா வேற சொன்னீங்களாம்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ‘தூண்ல கட்டினது நீங்களா’ என்று அவன் கேட்டிருக்கிறான். ‘தூண் கட்டினது நீங்களா’ என்று இவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு ‘ல’வை வின்ச் விழுங்கிவிட்டது.

“மாப்ள, நான் தூணைக் கட்டினேன். தூண்ல கட்டல.”

மைத்துனனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தான்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இப்பதான எனக்கே தெரியுது.”

“அப்ப சொல்லாதீங்க.”

“என்னது?”

“சொல்லாதீங்கன்னேன். உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருங்கன்னுதான் சொல்றேன். அவனுக அவனுகளாவே தப்பாக் கேட்டுக்கிட்டானுக, நமக்கென்ன? சரி, ஒண்ணு கேட்கிறேன். கடலுக்கு அடியில என்னமோ வழுக்குதுன்னு சொல்றாங்களே, நீங்க நம்பறீங்களா?”

“எவன் நம்புவான்? நகத்து அகலத்துக்கு நகர்ந்துச்சாம், அதை வானத்துலேருந்து பார்த்தாங்களாம்.”

“பார்த்தீங்களா. உங்களுக்கும் நம்பிக்கை இல்ல, எனக்கும் இல்ல. அப்புறம் எதுக்கு வாயைத் திறந்து ஐஸ் கம்பெனிலேருந்து வலை பின்றவங்க வரைக்கும் எல்லார் அடுப்புலயும் தண்ணி ஊத்தணும்?”

மைத்துனன் சொன்னதில் பிசகு எதுவும் வின்ச்காரருக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளே என்னவோ அரித்தது. இளவயசில் வேறொரு யார்டில் வேலை பார்த்தபோது, அவசரத்துக்கு ஒருத்தன் விளக்குக் கம்பத்தில் படகைக் கட்டி இழுத்தான். கம்பம் வேரோடு வந்தது. கீழே இரண்டு பேர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ட கம்பத்தில் படகைக் கட்டுகிறவனுக்கு அவருடைய தொழிலில் ஒரே பேர்தான். அந்தப் பேரை இப்போது அவர் தலையில் வைத்திருக்கிறார்கள், டீ வாங்கிக் கொடுத்து.

“யோசிக்காதீங்க அத்தான். டீ ஆறுது.”

“எனக்கு வேலை இருக்கு. நீ கிளம்பு.”

மைத்துனன் போனபிறகும் அவர் வின்ச்சை ஓட்டவில்லை. பாதிச் சரிவில் நின்ற படகைத் தாங்கிய வண்டியின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மருமகள் வந்தது அப்போதுதான். கேட்டைத் தாண்டி நேராகத் தூணிடம் போனாள். அவரைப் பார்க்கவே இல்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, தூணின் கழுத்தைச் சுற்றி விரலால் தடவினாள். அடிப்பக்கம் குனிந்து பார்த்தாள். ரோப்பு உரசின தடம் தேடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. திருட்டு நடந்த வீட்டில் போலீஸ்காரன் பூட்டைத் தடவுகிற மாதிரி இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“கிடைச்சுதா?” என்றார்.

அவள் எழுந்து கையைத் தட்டினாள். தூங்காத முகம்.

“ஏன் மாமா கட்டினீங்க?”

“கட்டல.”

“போன்ல நீங்களே…”

“உங்க ஆளு என்ன கேட்டான்னு எனக்குச் சரியாக் கேட்கல. வின்ச் ஓடிட்டு இருந்துச்சு. தூணைக் கட்டினது யாருன்னு கேட்கிறான்னு நெனச்சேன். நான்தானேன்னேன்.”

அவள் அப்படியே நின்றாள். ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இன்னொன்று ஏறின மாதிரியும் இருந்தது அவள் முகம்.

“நிஜமாவா மாமா?”

“உன்கிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?” என்றவர், கோபத்தோடேயே கேட்டார்: “அப்படி என்னதான் சொல்லுது உன் கம்ப்யூட்டரு? இந்தத் தெருவே என்னைக் கேட்குது. எனக்கே தெரியாம நான் என்னத்தைச் சொல்றது?”

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து எண்ணெய் டின்மேல் வைத்தாள். கரையின் படம். அதில் அங்கங்கே அம்புக்குறிகள், ஒவ்வொரு தூணுக்கும் ஒன்று. எல்லா அம்பும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கடலைப் பார்த்தது.

“கடல் தட்டு நம்ம நிலத்துக்கு அடியில நுழைஞ்சுட்டே இருக்கு மாமா.”

“தட்டுன்னா, சாப்பாட்டுத் தட்டா?”

“பாறைத் தட்டு. இந்த நாட்டைவிடப் பெருசு. அது நுழையறப்போ நம்ம தட்டைப் பிடிச்சு இறுக்கிக்கிட்டு, கரையையும் சேர்த்து உள்பக்கமாத் தள்ளுது. அதனால எல்லாத் தூணும் மலைப்பக்கமா நகரும். நகம் வளர்ற வேகம்தான். இது எப்பவும் நடக்கிறது. இப்ப இந்தத் தூண் மட்டும் திரும்பிடுச்சு.”

“திரும்பினா?”

“கீழ ரெண்டு தட்டும் பிடிச்சுட்டு இருக்கிற இடத்துல ஒரு பக்கம் பிடி விட்டிருக்கு. சத்தமே இல்லாம வழுக்குது. யாருக்கும் ஆட்டம் தெரியாது. ஆனா இங்க விட்டா, அந்தப் பாரம் பக்கத்துல இன்னும் பிடிச்சிட்டு இருக்கிற இடத்து மேல ஏறும். அதுவும் விட்டா கரை ஒரேயடியா இறங்கும். அப்புறம் தண்ணி வரும்.”

“விடுமா?”

அவள் திரையில் அந்த ஒற்றை அம்பை விரலால் தொட்டாள்.

“விடுமான்னு கேட்டேன்.”

“தெரியல மாமா. விடலாம். இப்படியே வழுக்கி வழுக்கி அடங்கியும் போகலாம். முன்னாடி வேற கடல்கள்ல ரெண்டும் நடந்திருக்கு.”

“அப்ப உனக்கும் தெரியாது.”

“தெரியாது.”

“தெரியாத ஒண்ணுக்கா ஊரைக் காலி பண்ணச் சொல்ற?”

“வழுக்குதுங்கிறது தெரியும். மத்த தூண் எல்லாம் உள்ளே தள்ளி இருக்கு. கடலை ஒட்டி இருக்கிறது இது ஒண்ணுதான். இதை எடுத்துட்டா எனக்குக் கண்ணே இல்ல.” அவள் லேப்டாப்பை மூடினாள். “சாயந்தரம் மீட்டிங்ல இதோட அளவைக் கணக்குலேருந்து எடுத்துடப் போறாங்க. நீங்க வந்து கட்டலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். என் கணக்கு சரின்னு சொல்ல வேண்டாம்.”

“சொன்னா என் மச்சினன் கூட்டமே என்னைத் தின்னுடும்.”

“தெரியும்.”

“சரி, நீ சொல்லு. நான் கட்டலன்னு நீ நம்பறியா?”

அவள் தூணைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உடனே ஆமாம் என்றிருக்கலாம். வேறு எந்த மருமகளும் சொல்லியிருப்பாள்.

“தூண் சாயல. தடமும் இல்ல. ஆனா நான் பக்கத்துல நின்னு பார்க்கல மாமா. நீங்க சொன்னாதான் எனக்குத் தெரியும்.”

அவ்வளவுதான். கெஞ்சவில்லை, அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வின்ச்காரருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறவள், அவர் கையால் டீ வாங்கிக் குடிக்கிறவள், பூமியைச் சொன்ன அதே மூஞ்சியோடு அவரையும் ‘தெரியாது’ என்றுவிட்டாள்.

துறைமுக ஆபீஸின் மாடியில் நீளமான மேஜை. ஒரு பக்கம் சங்கத்துக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஆய்வு நிலைய இயக்குநர், கருவிக்காரன், மருமகள். நடுவில் துறைமுக அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மாள். காலி பண்ணச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். தப்பாகப் போட்டால் மேலிடம் கேட்கும், போடாமல் விட்டால் கடல் கேட்கும். அந்த அம்மாள் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

வின்ச்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது மருமகள் தலை நிமிர்ந்தாள். மைத்துனன் கண்ணாலேயே ‘உட்காருங்க’ என்றான். அவர் உட்காரவில்லை.

“வாங்கய்யா,” என்றார் இயக்குநர். மரியாதைக்காரர். “உங்களைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். தப்பா எடுத்துக்காதீங்க. யார்டுன்னா வேலை நடக்கிற இடம், படகைக் கட்டறது சகஜம். எங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. சரிவுல படகை இழுக்கிறப்போ ரோப்பு தூணைக் கடல்பக்கமாத்தான் இழுக்கும். அளவும் கடல்பக்கம்தான் காட்டுது. எல்லாம் ஒத்துப்போகுது.”

“ஒத்துப்போகுது. நான்தான் ஒத்துக்கல,” என்றார் வின்ச்காரர். “நான் தூண்ல கட்டல.”

கருவிக்காரன் முகம் சிவந்தது.

“ஐயா, காலையில போன்ல நீங்களே…”

“தூணைக் கட்டினது நீயான்னு கேட்டதா நெனச்சேன். தூணை நான்தான் கட்டினேன். நீதான பக்கத்துல நின்ன?”

“நான் தூண்லன்னுதான் கேட்டேன்.”

“நீ கேட்ட. எனக்குக் கேட்கல. நான் சொன்னதுக்கப்புறம் எதுல, எந்தப் படகை, ஏன்னு இன்னொரு வார்த்தை கேட்டியா? சரிங்க சரிங்கன்னு வெச்சுட்ட.”

சங்கத்துக்காரர்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை.

“மேடம்,” என்றான் அதிகாரியிடம். “எங்க அத்தான் தங்கமான மனுஷன். ஆனா இவருக்கு அந்தப் பொண்ணு மருமக. தூணைக் கட்டினாரோ, தூண்ல கட்டினாரோ, இப்ப வீட்டுல மானம் போகுதேன்னு கதை கட்டறாரு. இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு…”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“பெரியவரே, உங்க மருமகளுக்காக வந்தீங்களா?”

“இல்ல.”

“அவங்க சொல்றதை நம்பறீங்களா? பூமி வழுக்குதுங்கிறதை?”

வின்ச்காரர் மருமகளைப் பார்க்கவில்லை.

“இல்ல. ஒரு வார்த்தையும் நம்பல. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்த மூலையில பாறைதான் இருக்கு, பாறை எங்கயும் போகாது.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“கண்ட கம்பத்துல படகைக் கட்டறவன்னு என் பேர்ல எழுதாதீங்கன்னு சொல்ல வந்தேன். அப்படிக் கட்டறவன் கொலைகாரன். இத்தனை வருஷத்துல என் சரிவுல ஒரு படகு பின்னால ஓடினதில்ல. இவங்க யாரை வேணா கேளுங்க. இந்த மாப்ளயோட படகையும் நான்தான் ஏத்தறேன்.”

அதிகாரி மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் மேஜையைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல அவனாலும் முடியவில்லை.

இயக்குநர் விடவில்லை. அவர் முட்டாள் இல்லை. ஒரு பொய் அபாயச் சங்கு ஊதினால் அடுத்த தடவை யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்கிற பயம் அவருக்கு.

“ஒத்துக்கறேன் ஐயா, நீங்க கட்டல. ஆனா இன்னொண்ணு கேட்டாகணும். தூணைக் கட்டினது நீங்கன்னா, சரியாக் கட்டினீங்களா? அஸ்திவாரம் லேசா இடம் கொடுத்தாலும் இதே மாதிரிதான் காட்டும்.”

வின்ச்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரு பழியைத் துடைக்க வந்தால் அதே வார்த்தை இன்னொரு பழியோடு நிற்கிறது. ஒரு நொடி, கட்டினேன் என்று ஒத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. எந்தக் கட்டு என்று யார் கேட்கப் போகிறார்கள்.

“பாறையில கம்பி இறக்கினேன். உங்க ஆளு சொன்ன ஆழத்துக்கு. அதுக்கு மேலயும் இறக்கினேன், ஏன்னா எனக்கு உங்க ஆள் மேல நம்பிக்கை இல்ல.”

கருவிக்காரன் மெதுவாகத் தலையாட்டினான். “ஆமா சார். ரெண்டு ட்ரில் பிட் உடைஞ்சுது. வேண்டாம்னு நான்கூடச் சொன்னேன். கேட்கல.”

“தூண்ல வெச்ச சாய்வுக் கருவி என்ன சொல்லுது?” என்று கேட்டார் இயக்குநர்.

மருமகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “சாயல சார். ரோப்பு இழுத்திருந்தா தலை சாஞ்சிருக்கும். அஸ்திவாரம் இறங்கியிருந்தாலும் சாஞ்சிருக்கும். தூண் நிமிர்ந்தபடியேதான் போகுது. அடியில இருக்கிற பாறையோட சேர்ந்து.”

“அளவைத் திரும்பச் சேருங்க,” என்றார் அதிகாரி. “எனக்குக் காட்டுங்க.”

மருமகள் லேப்டாப்பில் எதையோ தட்டினாள்; படம் சுவரில் விழுந்தது. முதலில் கடலுக்கு அடியில் இருக்கிற தட்டு சின்னச் சின்னக் கட்டங்களாக, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அந்த ஒரு தூணின் அளவைச் சேர்த்ததும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. துறைமுகத்துக்கு நேர் எதிரே சில கட்டங்கள் மஞ்சளாயின. அவற்றுக்கு வடக்கே ஒரு பெரிய பட்டை இருட்டுச் சிவப்பாக நின்றது.

“மஞ்சள் வழுக்குற இடம்,” என்றாள் மருமகள். “சிவப்பு, பாரம் ஏறுற இடம். நேத்து இருந்ததைவிட நீளமா இருக்கு.”

“அது விடுமா?” அதிகாரியும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“தெரியாது மேடம்.”

வின்ச்காரர் காத்திருந்தார், இந்த அம்மாளும் ‘அப்ப உனக்கும் தெரியாது’ என்று சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை. பேனாவின் மூடியைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை.

மைத்துனன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். வின்ச்காரரின் காதருகே வந்து, “நம்பாத ஒண்ணுக்காக எங்க பிழைப்பைக் கெடுத்துட்டீங்களே அத்தான்,” என்றான். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“நான் ஒண்ணும் கெடுக்கல. கட்டலன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

வெயில் தாழ்வதற்குள் மைக் வைத்த வண்டி கீழ்த்தெருக்களில் சுற்ற ஆரம்பித்தது. மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னது. எத்தனை நாளைக்கு என்று அதற்கும் தெரியவில்லை. படகுகள் ஒவ்வொன்றாக, பெரிய அலையும் எழும்பாத ஆழக்கடலைப் பார்த்துக் கிளம்பின. ஐஸ் கம்பெனியின் இரைச்சல் நின்றதும் தெருவுக்கே காது அடைத்த மாதிரி இருந்தது. வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் வின்ச்காரரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், “ஒண்ணும் வரலன்னா உங்க வீட்டுலதான் வந்து சாப்பிடுவோம், சொல்லிட்டேன்,” என்றாள்.

“வாங்க,” என்றார் அவர். “நானும் கேட்கத்தான் போறேன், ஏன் வரலன்னு.”

பாதிச் சரிவில் நின்ற படகை அப்படியே விட மனசில்லாமல் யார்டுக்குப் போனார். மேலே ஏற்ற நேரம் இல்லை. கட்டைகளை அடித்து இறுக்கினார். இன்னொரு ரோப்பை எடுத்து, வின்ச்சின் அடிவாரத்தில் இருக்கிற இரும்பு வளையத்தில் மாட்டினார். அந்த வளையம்தான் கட்டுகிற இடம். அதை இரண்டு தடவை உதைத்துப் பார்த்தார்.

மருமகள் தூணருகே நின்று போனில் யாரிடமோ எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு வந்தாள்.

“போலாம் மாமா. நேரம் இல்ல.”

“வீட்டைப் பூட்டினியா?”

“பூட்டினேன். உங்க மாத்திரையை எடுத்துட்டேன். கம்பளியும்.”

“கம்பளி எதுக்கு? சித்த நேரத்துல திரும்பப்போறோம்.”

அவள் கம்பளியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினார்கள். முன்னாலும் பின்னாலும் ஜனம். மைத்துனன் தள்ளுவண்டியில் டிவியை வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். இவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முந்திப் போனான். வளைவில் வண்டிச் சக்கரம் குழியில் மாட்டிக்கொண்டது. வின்ச்காரர் தோள் கொடுத்து ஏற்றிவிட்டார். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனான்.

“மாமா,” என்றாள் மருமகள். ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. “நீங்க வந்து சொன்னது எனக்குப் பெரிய…”

“உனக்காகச் சொல்லல.”

“தெரியும். இருந்தாலும்.”

கொஞ்ச தூரம் போய் அவள் கேட்டாள்:

“இப்பவாவது கொஞ்சம் நம்பறீங்களா?”

“நான் கட்டலன்னு நீ நம்பறியா?”

“நம்பறேன்.”

“பார்க்காமலேயா?”

அவள் முகத்தில் ஒரு வாரமாக வராத சிரிப்பு பாதி வந்தது. “பார்க்காமலேதான்.”

“அது உன் இஷ்டம்,” என்றார் வின்ச்காரர். “என்னை இழுக்காத. பாறை பாறைதான். அது எங்கயும் போகாது.”

பாதையின் மேல்வளைவில் ஜனம் எல்லாம் நின்று நின்று கடலைத் திரும்பிப் பார்த்தது. தண்ணீர் உள்வாங்குகிறது என்று ஒருத்தர் காட்ட, எப்போதும்போலத்தான் இருக்கிறது என்றார் இன்னொருத்தர். மருமகளும் நின்றாள். வின்ச்காரர் நிற்கவில்லை. கம்பளியை அவள் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாறை நகர்கிறதாம் என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தார்.